லினக்ஸ் சர்வரின் ஃபோல்டர்களை விண்டோஸ் மெஷின்களோடு பகிரும் சாம்பாவை அப்கிரேடு செய்த பிறகு ஒருவர் சேமித்த ஃபைலை இன்னொருவர் திருத்த முடியவில்லை. எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 போட்டுவிடலாமா?

போடாதீர்கள். 777 போட்டால் இன்றைக்கு இருக்கிற ஃபைல்கள் திறக்கும். நாளைக்கு யாராவது புதிதாக ஒன்றைச் சேமித்ததும் அதே புகார் திரும்ப வரும். புது ஃபைலின் அனுமதியைத் தீர்மானிப்பது சாம்பா கான்ஃபிக்கில் ஷேருக்குள் (பகிரும் ஃபோல்டருக்கான பகுதிக்குள்) இருக்கும் 'கிரியேட் மாஸ்க்' வரி. நாம் எழுதாவிட்டால் அது 0744. சேமித்தவர் மட்டும் எழுதலாம், மற்றவர்கள் படிக்கத்தான் முடியும்.

முதலில், கான்ஃபிக்கைச் சரிபார்க்கும் டெஸ்ட்பார்ம் கட்டளையை ஓட்டி, அந்த வரி இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்கிரேடு நடுவில் "புது கான்ஃபிக் போடவா?" என்று கேட்கும்போது சரி கொடுத்துவிட்டு, அப்புறம் ஷேரை நினைவிலிருந்து எழுதுகிறவர்கள் மாஸ்கைத்தான் மறப்பார்கள். கிரியேட் மாஸ்க் 0664, புது ஃபோல்டர்களுக்கான டைரக்டரி மாஸ்க் 0775, புது ஃபைல்கள் எந்தக் குரூப்புக்கு என்று சொல்லும் ஃபோர்ஸ் குரூப்பில் ஆபீஸ் குரூப்பின் பெயர், இவ்வளவு போதும். பழைய ஃபைல்களுக்கு அதே குரூப்பை மாற்றிவிட்டு, அனுமதியை மாற்றும் சிஎச்மாட் கட்டளையில் ஜி+ஆர்டபிள்யூஎக்ஸ் கொடுங்கள் (ஜி என்றால் குரூப்; ஆர் படிக்க, டபிள்யூ எழுத, எக்ஸ் ஓட்ட). எக்ஸ் பெரிய எழுத்தாக இருக்கட்டும். சின்ன எழுத்தானால் எக்செல் ஷீட்டுக்கெல்லாம் ஓடும் அனுமதி ஒட்டிக்கொள்ளும்.

சாம்பா 3.6-லிருந்து 4-க்கு வந்தவர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் இதைப் பார்த்தேன். "ஷீட்டெல்லாம் திறக்குது சார், அக்கவுண்ட்ஸ் ஐகானை அமுக்கினா மட்டும் அனுமதி இல்லைங்குது" என்றார் அங்கிருந்த அம்மா. சர்வரில் அந்த இஎக்ஸ்இ ஃபைலைப் பார்த்தால் சொந்தக்காரர், குரூப், மற்றவர்கள் என்ற வரிசையில் ஆர்டபிள்யூ-, ஆர்டபிள்யூ-, ஆர்--. எக்ஸ் எங்குமே இல்லை. 3.6 வரை சாம்பா அதைக் கண்டுகொள்ளாமல் ஓடவிட்டது, 4.0 முதல் கேட்கிறது. எக்ஸ் போட்டால் ஓடும்தான். ஆனால் மென்பொருள் அப்டேட் ஆகிப் புது இஎக்ஸ்இ வந்ததும், நாம் போட்ட 0664 அதைக் கழற்றிவிடும். அதனால் அந்த ஒரு ஷேரில் மட்டும், எக்ஸ் இல்லாவிட்டாலும் ஓடவிடும் 'ஏசிஎல் அலவ் எக்ஸிக்யூட் ஆல்வேஸ்' என்பதற்கு எஸ் கொடுத்தேன். எல்லா ஷேருக்கும் கொடுக்க வேண்டாம்.

மூலையில் இருக்கும் எக்ஸ்பி மெஷின் சர்வரையே காணவில்லை என்றால் அது அனுமதிப் பிரச்சினை இல்லை. சாம்பா 4.11 முதல், எக்ஸ்பிக்குத் தெரிந்த எஸ்எம்பி1 என்ற பழைய பகிர்வு முறை இயல்பாகவே அணைந்திருக்கும். 2017-இல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் பரவிய வழி அதுதான். ஒரு பழைய மெஷினுக்காக அதைத் திறக்க நான் சொல்ல மாட்டேன்.