கட்டியோடு கொழுப்பையும் ஏன் எடுக்கிறார்கள்?

கேள்வி: எனக்கு 54 வயது. ஆசனவாயிலிருந்து 8 செ.மீ. உயரத்தில், மலக்குடலில் புற்றுநோய்க் கட்டி இருக்கிறது. எம்ஆர்ஐ அறிக்கையில் ‘மீசோரெக்டல் ஃபேஷியா பாதிக்கப்படவில்லை, கட்டிக்கும் அதற்கும் இடைவெளி 6 மி.மீ.’ என்று எழுதியிருக்கிறார்கள். குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு முழுவதையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்கிறார் சர்ஜன். கட்டி உள்ள இடத்தை மட்டும் வெட்டினால் போதாதா? ஃபேஷியா என்றால் என்ன? இன்னொன்று: இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் கழிப்பதிலும் தாம்பத்தியத்திலும் சிக்கல் வரலாம் என்கிறார்கள். குடலில் செய்வது அங்கே எப்படிப் போய்ப் பாதிக்கும்?

பதில்: முதலில் ஒரு நல்ல செய்தி. உங்கள் அறிக்கையில் இருக்கும் அந்த 6 மி.மீ. நம்பிக்கை தரும் எண். இடைவெளி 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக இருந்தால்தான் எங்களுக்குக் கவலை அதிகம்.

மலக்குடல் இடுப்புக்கூட்டுக்குள் தனியாகத் தொங்கும் வெறும் குழாய் அல்ல. அதன் பின்பக்கமும் பக்கவாட்டிலும் தடிமனாகவும், முன்பக்கம் மெலிதாகவும் கொழுப்பு சூழ்ந்திருக்கிறது. இதைத்தான் மீசோரெக்டம் என்கிறோம். குடலுக்குப் போகும் ரத்தக் குழாய்களும், குடலிலிருந்து கிளம்பும் நிணநீர்க் குழாய்களும், நிணநீர்க் கணுக்களும் இந்தக் கொழுப்புக்குள்தான் இருக்கின்றன. இவை எல்லாவற்றையும் சேர்த்து மூடியிருக்கும் மெல்லிய, பளபளப்பான இணைப்புத் திசு உறைதான் மீசோரெக்டல் ஃபேஷியா. மொத்தத்தையும் கட்டி வைத்த ஒரு பொட்டலமாக நினைத்துக்கொள்ளுங்கள்.

கருவில் குடல் உருவாகும்போதே இந்தக் கொழுப்பும் அதோடு சேர்ந்துதான் உருவாகிறது. அதனால் மலக்குடல் புற்றுநோய் குடல் சுவரைத் தாண்டினால் பெரும்பாலும் முதலில் இந்தப் பொட்டலத்துக்குள்தான் பரவும். கட்டிக்குச் சில சென்டிமீட்டர் கீழேகூட, கண்ணுக்குத் தெரியாத அளவில் கொழுப்புக்குள் புற்றணுத் துணுக்குகள் இருக்கலாம். இங்கிலாந்தில் பேசிங்ஸ்டோக் நகரில் பணியாற்றிய சர்ஜன் பில் ஹீல்டும் அவருடைய சகாக்களும் 1982-இல் இதை எடுத்துக் காட்டினார்கள். குடலை மட்டும் வெட்டிவிட்டுக் கொழுப்பை விட்டுவைத்தால், நோயின் ஒரு பகுதியையும் விட்டுவைக்கிறோம் என்றுதான் அர்த்தம். கட்டியை மட்டும் வெட்டினால் போதாதா என்ற உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். மிக ஆரம்ப நிலையில் இருக்கும் சிறிய கட்டிகளுக்கு அது போதும். மற்றவர்களுக்குப் பொட்டலம் பிரியாமல் முழுசாக வெளியே வர வேண்டும்.

முழுசாக எப்படி எடுப்பது? மீசோரெக்டல் உறைக்கு வெளியே, இடுப்புச் சுவரை ஒட்டி வேறொரு உறை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சிலந்தி இழை போன்ற தளர்வான திசு மட்டுமே உண்டு. அதில் ரத்தக் குழாய்கள் மிகக் குறைவு. குடலை மெதுவாக இழுத்துப் பிடித்தால் அந்த இழைகள் விரிந்து தெரியும். அவற்றை மட்டும் கண்ணால் பார்த்துப் பார்த்து வெட்டிக்கொண்டே இறங்க வேண்டும். இரண்டு உறைகளுக்கும் நடுவே உள்ள இந்தத் தளத்திலேயே இருந்தால் ரத்தம் அதிகம் வராது. ஹீல்ட் இதைப் ‘புனிதத் தளம்’ என்றே அழைத்தார். மிகையாகத் தோன்றலாம், ஆனால் உள்ளே நின்று பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரில் தப்பு தெரியாது.

முன்பெல்லாம் மலக்குடலின் பின்னால் கையை விட்டு, கண்ணுக்குத் தெரியாமலே பிரித்தெடுத்தார்கள். உறை கிழியும், கொழுப்பில் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடும். அந்தக் காலத்தில் நூறு பேரில் 20, 30 பேருக்கு இடுப்புக்குள்ளேயே நோய் திரும்ப வந்தது. உறையோடு முழுசாக எடுக்கும் முறை பரவிய பிறகு, அதை ஒழுங்காகச் செய்யும் இடங்களில் அது பத்துக்கும் கீழே வந்துவிட்டது.

சரி, உங்கள் இரண்டாவது பயத்துக்கு வருவோம். அதே தளத்தை ஒட்டித்தான் நரம்புகளும் ஓடுகின்றன. முதுகெலும்பின் அடியில், இடுப்புக்குப் பின்புறம் இருக்கும் திருவெலும்பின் மேல் விளிம்புக்கு முன்னால் ஹைப்போகேஸ்ட்ரிக் நரம்புகள் இரண்டாகப் பிரிந்து, உறைக்குச் சற்றே வெளியே, இரண்டு பக்கமும் வளைந்து இறங்குகின்றன. விந்து வெளியேறுவதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. இவை அடிபட்டால் விந்து வெளியே வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடலாம். திருவெலும்பின் 2, 3, 4-ஆம் துளைகளிலிருந்து வரும் நரம்புகள் பக்கவாட்டில் இவற்றோடு சேர்ந்து ஒரு வலைப்பின்னலாகின்றன. விறைப்பும் சிறுநீர்ப்பை சுருங்குவதும் அவற்றின் பொறுப்பு. அந்தப் பின்னலிலிருந்து கிளம்பும் மெல்லிய நரம்புகள் மலக்குடலின் முன்பக்க மூலைகளில், ஆண்களுக்கு புராஸ்டேட்டையும் பெண்களுக்கு யோனிச் சுவரையும் ஒட்டி ஓடுகின்றன.

என்னைக் கேட்டால், இந்த ஆபரேஷனில் மிகக் கடினமான இடம் அந்த முன்பக்கம்தான். மலக்குடலுக்கும் புராஸ்டேட்டுக்கும் நடுவே டெனோன்வில்லியே ஃபேஷியா என்ற மெல்லிய திரை ஒன்று இருக்கிறது. இடம் குறுகல், கொழுப்பும் மெலிது. கட்டி முன்பக்கம் இருந்தால் அந்தத் திரையையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும், அப்போது நரம்புக்கு ஆபத்து கூடும். கட்டி பின்பக்கம் என்றால் திரையை விட்டுவைக்க முடியும். உங்கள் கட்டி எந்தப் பக்கம் என்பது எம்ஆர்ஐ அறிக்கையிலேயே இருக்கும், பாருங்கள். பின்பக்கத்துக்கு வேறு ஆபத்து. சர்ஜன் தளத்தைத் தவறவிட்டு எலும்பை நோக்கிப் போனால், திருவெலும்பின் மேல் படர்ந்திருக்கும் சிரைகள் கிழியும். அந்த ரத்தப்போக்கை நிறுத்துவது மிகவும் சிரமம்.

ஆக, உள்ளே போனால் உறை கிழியும், வெளியே போனால் நரம்போ சிரையோ அடிபடும். நோயை முழுசாக எடுப்பதும் நரம்பைக் காப்பாற்றுவதும் பெரும்பாலும் ஒரே தளத்தில் நடக்கும் வேலை. அதனால் ரோபோவா, லேப்ராஸ்கோப்பியா, வயிற்றைத் திறந்தா என்பதைவிட, யார் செய்கிறார், மலக்குடல் அறுவை சிகிச்சை அவர் அடிக்கடி செய்வதா என்று கேளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம், நல்ல சர்ஜன் கோபப்பட மாட்டார்.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஒன்றுமே ஆகாது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. நரம்பு வெட்டுப்படாமல் இழுபட்டிருந்தால் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தேறும். ரேடியேஷன் கொடுத்தால் அதன் பாதிப்பும் சேரும். மலம் அடிக்கடி, அவசரமாக வருவது பலருக்கும் உண்டு. அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

அப்புறம், வெளியே எடுத்ததைப் பயாப்சிக்கு அனுப்புவார்கள். நோய்க்குறியியல் மருத்துவர் உறையின் மேல் மை பூசி, குறுக்காகத் துண்டு போட்டு, கட்டிக்கும் மைக்கும் நடுவே எத்தனை மி.மீ. என்று அளப்பார். உறை முழுமையாக இருந்ததா, கிழிந்திருந்ததா என்றும் எழுதுவார். அந்த இரண்டு வரிகளும் அறிக்கையில் இருக்கின்றனவா என்று பார்த்து, சர்ஜனிடம் விளக்கம் கேளுங்கள்.

ஆபரேஷனுக்கு முன்பே, இப்போது சிறுநீர் எப்படிப் போகிறது, விறைப்பு எப்படி இருக்கிறது என்பதையும் அவரிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பிறகு மாற்றம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். எனக்கு எழுதிய அந்தக் கடைசிக் கேள்வியை, உங்கள் மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சர்ஜனிடமும் கேட்டுவிடுங்கள்.