டச்சுக்காரர் ஆண்ட ஊரில் டச்சு ஏன் இல்லை?

வணக்கம் சகோதரி. "இத்தனை காலம் டச்சுக்காரர் ஆண்டும் ஜகார்த்தாவில் யாருக்கும் டச்சு தெரியவில்லையே? ஏப்ரல் 21 அன்று மகளைக் கெபாயா (இந்தோனேசியப் பெண்களின் பாரம்பரிய மேலாடை) உடுத்தி அனுப்பச் சொல்கிறார்களே, எதற்கு?" என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

டச்சு பரவாததற்குக் காரணம், இந்த மக்களில் பெரும்பாலோருக்கு அதைச் சொல்லித்தரவே இல்லை என்பதுதான். 1901-க்குப் பிறகு, இங்குள்ள மக்களின் நலனும் தங்கள் கடமை என்று ஹாலந்து அரசு பேசத் தொடங்கியது. 1907 முதல் கிராமங்களில் மூன்று வருடப் பள்ளிகள் வந்தன. உள்ளூர் மொழியில் எழுத்து, கணக்கு, அவ்வளவுதான். அதன் செலவிலும் ஒரு பங்கு கிராமத்தார் தலையில் விழுந்தது. இந்தோனேசியப் பிள்ளைகள் டச்சு வழியில் படிக்க 1914-இல் ஏழு வருடப் பள்ளிகள் திறந்தார்கள். ஆனால் அங்கே பெரும்பாலும் அதிகாரிகள், உயர்குடிகள், வசதியுள்ளவர்களின் பிள்ளைகளுக்குத்தான் இடம். மேல்படிப்புக்கோ டச்சு இல்லாமல் வழியே கிடையாது. 1930 மக்கள்தொகைக் கணக்கில், எழுதப் படிக்கத் தெரிந்த இந்தோனேசியர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. எனக்கு இன்றும் மனம் ஆறாத கணக்கு இது.

அந்த ஏப்ரல் 21, கார்த்தினியின் பிறந்தநாள். அவர் நினைவாகத்தான் கெபாயா. 1879-இல் ஜாவாவின் ஜெபாரா பக்கம் உயர்குடியில் பிறந்தவர். டச்சுப் பள்ளியில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பெண்ணைப் பன்னிரண்டு வயதில் குல வழக்கப்படி வீட்டுக்குள் அடைத்துவிட்டார்கள். உள்ளே இருந்தபடியே, பெண்களுக்குக் கல்வி வேண்டும் என்று டச்சுத் தோழிகளுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். 1904-இல் மகனைப் பெற்ற சில நாட்களில் இறந்துபோனார். வயது 25. உங்கள் மகளிடம் இந்தக் கதையை அவசியம் சொல்லுங்கள். கெபாயா வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அந்த வாரம் கூட்டம் அதிகம்.

அப்புறம், மே 2 அன்றும் பள்ளியில் விழா இருக்கும். அது கல்விக்காகப் பாடுபட்ட கி ஹஜார் தேவந்தாராவின் பிறந்தநாள். பிரெஞ்சுப் பிடியிலிருந்து ஹாலந்து விடுபட்ட நூற்றாண்டு நிறைவை 1913-இல் டச்சுக்காரர்கள் இங்கேயும் கொண்டாடப் புறப்பட்டார்கள். அடிமைப்பட்ட மக்களிடமே அதற்குப் பணம் கேட்கலாமா என்று தேவந்தாரா எழுதினார். அவரை நாடு கடத்திவிட்டார்கள். திரும்பி வந்து 1922-இல் யோக்யகார்த்தாவில் 'தமன் சிஸ்வா' பள்ளியைத் தொடங்கினார். அரசுப் பணத்தைத் தொடவில்லை. தனியார் பள்ளிகள் அனுமதி வாங்கியே ஆகவேண்டும் என்று 1932-இல் ஒரு சட்டம் வந்தபோது அவர் முன்னின்று எதிர்த்தார். நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பி, அடுத்த வருடமே அரசு பின்வாங்கியது.

ஜகார்த்தாவில் ஸ்தோவியா என்ற பழைய மருத்துவப் பள்ளி இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. 1908-இல் அங்கே படித்த மாணவர்கள்தான் 'புடி உத்தோமோ' என்ற தேசிய விழிப்புணர்வு இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிப் போங்கள். யோக்யகார்த்தா போகும்போது தமன் சிஸ்வாவையும் பார்த்துவிடுங்கள், இன்றும் நடக்கிறது.