அத்தானின் செல்சியும் உங்கள் நியூகாஸிலும்

கேள்வி: எனக்கு வயது 40. திருச்சியில் வேலை பார்க்கிறேன். பள்ளிக்கூட நாளில் கேபிள் டிவியில் இங்கிலாந்துக் கால்பந்து வீரர் ஆலன் ஷியரரைப் பார்த்ததிலிருந்து நியூகாஸில் யுனைடெட் ரசிகன். என் அக்கா கணவர் லண்டன் கிளப்பான செல்சியின் ரசிகர். இத்தனை வருடம் கேலியும் கிண்டலுமாகத்தான் போனது. மூன்று மாதம் முன்பு அக்கா மகளின் காதுகுத்தில், பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, "நியூகாஸில் எல்லாம் ஒரு பெரிய கிளப்பா? எழுபது வருஷத்துக்கு ஒரு கோப்பை" என்றார் அத்தான். "ரஷ்யாக்காரர் காசு வராவிட்டால் உங்கள் செல்சியை யாருக்குத் தெரியும்?" என்று நான் திருப்பிக் கேட்டேன். வார்த்தை தடித்துவிட்டது. சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. அக்கா நடுவில் தவிக்கிறாள். நீங்கள் ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள். இரண்டில் எது பெரிய கிளப்? உங்கள் பதிலை அத்தானிடம் காட்டுவதாக இருக்கிறேன்.

பதில்: தம்பி, இரண்டு பேர் சொன்னதும் தப்பு. உங்கள் தப்பு கொஞ்சம் கூடுதல் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். அத்தானிடம் காட்டப்போவதாகச் சொல்கிறீர்கள், முழுவதையும் காட்டுங்கள்.

நீங்கள் சொல்லும் ரஷ்யாக்காரர் ரோமன் அப்ரமோவிச் செல்சியை வாங்கியது 2003இல். அந்தக் கிளப்பின் வயது அப்போது 98. அதன் பிறப்பே விசேஷமானது. மற்ற ஊர்களில் முதலில் பையன்கள் கூடி அணி அமைப்பார்கள், மைதானம் பிறகு வரும். செல்சிக்கு மைதானம் முதலில் வந்தது. ஸ்டாம்போர்டு பிரிட்ஜ் மைதானத்தை 1904இல் வாங்கிய கஸ் மியர்ஸ் அதைப் பக்கத்து ஃபுல்ஹாம் கிளப்புக்குக் கொடுக்கப் பார்த்தார். அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். சரி, ரயில்வே கம்பெனிக்கே நிலத்தை விற்றுவிடலாம் என்று மியர்ஸ் முடிவுக்கு வந்த நேரம். நண்பர் பிரெட் பார்க்கர் அவர் மனதை மாற்றப் பேசிக்கொண்டே கூட நடந்திருக்கிறார். மியர்ஸின் நாய் பார்க்கரின் காலைக் கடித்துவிட்டது. பார்க்கர் கூச்சல் போடாமல் அதை அமைதியாக எடுத்துக்கொண்டார், அந்த நிதானத்தைப் பார்த்துத்தான் மியர்ஸ் அவர் பேச்சைக் கேட்டார் என்று இன்றுவரை சொல்வார்கள். 1905 மார்ச்சில் மைதானத்துக்கு எதிரே இருந்த மதுக்கடையின் மாடியில் கிளப் உருவானது.

ஆரம்பத்திலிருந்தே அங்கே கூட்டம் அள்ளியது. முதல் உலகப் போருக்கு முந்தைய சில சீசன்களில் இங்கிலாந்திலேயே அதிக ரசிகர்கள் திரண்டது செல்சி ஆட்டங்களுக்குத்தான். 1935 அக்டோபரில் ஆர்செனலுக்கு எதிரான ஒரு லீக் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 82,905 பேர். அதுவரை அந்தக் கிளப் ஒரு பெரிய கோப்பைகூட ஜெயித்ததில்லை. இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். ரஷ்யாக்காரர் வருவதற்கு முந்தைய ஆறேழு வருடத்தில்கூட அவர்கள் இரண்டு எஃப்.ஏ. கோப்பையும் (இங்கிலாந்தின் பழைய நாக்-அவுட் கோப்பை) ஓர் ஐரோப்பியக் கோப்பையும் எடுத்திருந்தார்கள். ஆகவே "யாருக்குத் தெரியும்" என்று நீங்கள் பந்தியில் கேட்டது செல்லாத கேள்வி. அதோடு, 2021 அக்டோபரில் உங்கள் நியூகாஸிலின் பெரும்பங்கை வாங்கியது சவூதி அரேபிய அரசின் முதலீட்டு நிதியம். காசைப் பற்றிய கேலியை நியூகாஸில் ரசிகர் இனிமேல் எடுக்கவே கூடாது.

இப்போது அத்தானின் தப்பு. "எழுபது வருஷத்துக்கு ஒரு கோப்பை" என்பது கணக்கில் கிட்டத்தட்ட சரி. 1955 எஃப்.ஏ. கோப்பைக்குப் பிறகு உள்நாட்டுக் கோப்பை ஒன்றை நியூகாஸில் தொட்டது 2025 மார்ச் 16 அன்றுதான். நடுவில் 1969இல் ஓர் ஐரோப்பியக் கோப்பை வந்ததை அத்தான் விட்டுவிட்டார், போகட்டும். ஆனால் அந்த 1955 அவருக்கும் முக்கியமான வருடம். செல்சி முதல் தடவை லீக் பட்டம், அதாவது சீசன் முழுக்க ஆடிப் பிடிக்கும் முதலிடம், வென்றது அதே வருடம்தான். ஒரே வருடத்தில் லீக் லண்டனுக்கும், எஃப்.ஏ. கோப்பை நியூகாஸிலுக்கும் போயின. அதற்கு அடுத்த லீக் பட்டத்துக்கு செல்சி எத்தனை வருடம் காத்திருந்தது தெரியுமா? ஐம்பது. 2005 வரை. அவர் வீட்டிலும் லீக் பட்டத்துக்கான அலமாரி வெகுநாள் காலியாகத்தான் கிடந்தது.

கோப்பைகளை மட்டும் எண்ணினால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். ஹட்டர்ஸ்ஃபீல்டு டவுன் 1924, 1925, 1926 என்று தொடர்ந்து மூன்று வருடம் லீக் சாம்பியன். டோட்டன்ஹாம் இன்றுவரை ஜெயித்த லீக் பட்டங்கள் இரண்டே இரண்டு. ஹட்டர்ஸ்ஃபீல்டுதான் பெரிய கிளப் என்று அந்த ஊர்க்காரரே சொல்லத் தயங்குவார். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் இன்னும் விசித்திரம். மேனேஜர் பிரையன் கிளஃப் அவர்களை 1977இல் இரண்டாம் டிவிஷனிலிருந்து, அதாவது லீக்கின் இரண்டாம் அடுக்கிலிருந்து, மேலே கொண்டுவந்தார், மறு வருடமே லீக் பட்டம், 1979இலும் 1980இலும் ஐரோப்பிய சாம்பியன் கோப்பை. லீக்கை ஒரு தடவை, ஐரோப்பாவை இரண்டு தடவை ஜெயித்த கிளப் அது. அதே கிளப் 2005இலிருந்து மூன்று சீசன் மூன்றாம் டிவிஷனில் விளையாடியது. அந்த மூன்று வருடம் ஃபாரஸ்ட் சின்ன கிளப்பாக இருந்ததா? அந்தஸ்து அப்படி உடனே இறங்கிவிடுவதில்லை. ஊரில் நொடித்துப்போன பழைய பெரிய வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு வந்தால் இன்றும் எழுந்து நின்று நாற்காலி போடுகிறோமே, அதுபோல.

அளவு என்பது வேறு. அது ஆட்களின் கணக்கு. அதை அளக்க நான் பார்ப்பது நல்ல காலத்தை அல்ல, கெட்ட காலத்தை. ஜெயிக்கிற அணிக்கு எல்லோரும் வருவார்கள். 2018 டிசம்பர் 26, சண்டர்லாந்து மூன்றாம் டிவிஷனில் கிடக்கிறது, எதிரே பிராட்ஃபோர்டு சிட்டி. அந்தக் குளிரில் வந்து உட்கார்ந்தவர்கள் 46,039 பேர். அந்தக் கிளப் கடைசியாக லீக் ஜெயித்தது 1936இல். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்? மான்செஸ்டர் சிட்டிக்கும் இதே கதை உண்டு. 1998-99இல் மூன்றாம் டிவிஷனில் விழுந்துகிடந்தபோதும் ஆட்டத்துக்குச் சராசரி 28,000 பேர் வந்தார்கள். சிட்டியை "நேற்று முளைத்த கிளப்" என்று சொல்பவர்கள் அந்த வருடத்தைப் படிக்க வேண்டும். உங்கள் அணி 2016இல் இறங்கிப் போனது, இரண்டாம் டிவிஷனில் விளையாடிய அந்த சீசனில் சராசரிக் கூட்டம் 50,000க்கு மேல். இந்த ஒரு விஷயத்தை வைத்தே நியூகாஸில் பெரிய கிளப் என்று நான் எங்கேயும் சொல்வேன்.

அப்புறம், நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1990-91இல், அதே இரண்டாம் டிவிஷனில், நியூகாஸிலின் சராசரிக் கூட்டம் 20,000க்கும் கீழே. செல்சியும் 1980களின் ஆரம்பத்தில் மூன்றாம் டிவிஷனில் விழும் நிலைக்கு வந்தபோது சில ஆட்டங்களுக்குப் பத்தாயிரம் பேர்கூட வரவில்லை. என் அளவுகோல் இங்கே இடிக்கிறது என்று அத்தான் கண்டிப்பாகச் சொல்வார். இதை நானும் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். 1992 பிப்ரவரியில் கெவின் கீகன் மேனேஜராக வந்தார். அடுத்த சீசனே அணி மேலே ஏறியது. சில வருடத்துக்குள் நியூகாஸிலின் மைதானமான செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் டிக்கெட் கிடைப்பதே பெரும்பாடு என்றானது. திரும்ப வந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? அதே ஊரில், அதே வீடுகளில்தான் இருந்தார்கள். மனம் வெறுத்துப்போயிருந்தார்கள், வேறு கிளப்புக்குப் போகவில்லை. வராமல் வீட்டில் உட்கார்ந்து ரேடியோவில் ஸ்கோர் கேட்கிறவனையும் சேர்த்துத்தான் ஒரு கிளப்பின் அளவைச் சொல்ல வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

இதில் லண்டனுக்கும் நியூகாஸிலுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. லண்டன் பையனுக்கு ஆர்செனல், டோட்டன்ஹாம், வெஸ்ட் ஹாம், ஃபுல்ஹாம், கிரிஸ்டல் பேலஸ் என்று தெருவுக்கு ஒரு கிளப். நியூகாஸில் பையனுக்கு ஒன்றே ஒன்று. அந்த மைதானம் ஊருக்கு வெளியே கிடப்பதில்லை, நகரத்தின் நடுவில், மேட்டின் மேல் நிற்கிறது. கடைத்தெருவிலிருந்து நடந்தே போய்விடலாம். நியூகாஸில் வீரர் டான் பர்னை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊரான பிளைத்தில் பிறந்த ஆறரை அடி மனிதர். சின்னப் பையனாக இருந்தபோது நியூகாஸில் அகாடமி அவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டிகளைச் சேகரித்து அடுக்கும் வேலை பார்த்திருக்கிறார். 30 வயதை நெருங்கும்போது அதே கிளப்புக்குத் திரும்பினார். 2025 மார்ச்சில், இங்கிலாந்து அணிக்கு முதல் தடவை அழைப்பு வந்த இரண்டே நாளில், வெம்பிளி மைதானத்தில் நடந்த கோப்பை இறுதி ஆட்டத்தில் லிவர்பூலுக்கு எதிராகத் தலையால் முட்டி முதல் கோலைப் போட்டார். 2-1. எழுபது வருடக் காத்திருப்பை உடைத்தது அந்த ஊர்ப் பையனின் தலை. அந்த கோலை நீங்கள் எத்தனை தடவை திரும்பப் பார்த்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

சரி, தீர்ப்பு கேட்டீர்கள். அந்தஸ்தில் செல்சி பெரியது, இதில் மறுபேச்சே கிடையாது. ஆறு லீக் பட்டம், ஐரோப்பாவின் தலையாய கோப்பையான சாம்பியன்ஸ் லீக் இரண்டு, ஐரோப்பாவின் எல்லாக் கோப்பைகளையும் எடுத்த முதல் கிளப் என்ற பெயர். உலகமெங்கும் ரசிகர்கள் என்று பார்த்தாலும் செல்சிதான். நியூகாஸிலின் நான்கு லீக் பட்டங்களில் கடைசியானது 1927இல் வந்தது. அதை வைத்துக்கொண்டு இன்றைக்குச் சரிக்குச் சரி நிற்க முடியாது. ஆனால் ஓர் ஊரை முழுசாகப் பிடித்து வைத்திருக்கும் பலத்தில் நியூகாஸிலுக்கு ஈடாக இங்கிலாந்தில் வெகு சில கிளப்கள்தான் உண்டு, செல்சி அதில் சேராது. அத்தான் கோப்பையைச் சொன்னார், நீங்கள் ஊரைச் சொல்லியிருக்க வேண்டும். அதை விட்டு ரஷ்யாக்காரர் காசுக்குத் தாவினீர்கள்.

இன்னொரு விஷயம். செயின்ட் ஜேம்ஸ் பார்க்கின் சரித்திரத்திலேயே அதிகக் கூட்டம் வந்த ஆட்டம் எது தெரியுமா? 1930 செப்டம்பர் 3, புதன்கிழமை. 68,386 பேர். எதிரணி செல்சி. 1927இல் நியூகாஸிலுக்கு லீக் பட்டம் வாங்கித் தந்த கேப்டன் ஹியூயி கேலகரை கிளப் அந்த வருடம் செல்சிக்கு விற்றிருந்தது. வேலை நாள் என்றும் பார்க்காமல் ஊரே கிளம்பி வந்தது. உள்ளே இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் இன்னும் சில ஆயிரம். நீல ஜெர்சியில் வந்து நின்ற தங்கள் பழைய கேப்டனைப் பார்க்கத்தான் அத்தனை கூட்டம். உங்கள் மைதானத்தின் சாதனைக் கணக்கில் அத்தானின் கிளப் பெயரும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறது.

காதுகுத்துப் பந்தியிலிருந்து எழுந்து வந்தது தவறு. அது அக்கா மகளின் விசேஷம். முதலில் அந்தப் பிள்ளைக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போங்கள். அத்தான் மூத்தவர், நீங்கள் போவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. "அன்றைக்கு நான் சொன்னது தப்பு, அத்தான்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். விளக்கம் வேண்டாம். அவர் முகம் கொடுத்துப் பேச ஒரு நாள் ஆகலாம், இருந்துவிட்டு வாருங்கள்.

அடுத்து நியூகாஸில்–செல்சி ஆட்டம் எப்போது என்று பாருங்கள். அன்றைக்கு அவர் வீட்டில் உட்கார்ந்து சேர்ந்து பாருங்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் 2012 மே 19 பற்றி அவரிடம் கேளுங்கள். சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம், மியூனிக்கில், எதிரணியான பயர்னின் சொந்த மைதானத்தில், 88வது நிமிடம் செல்சியின் துரோக்பா தலையால் முட்டிச் சமன் செய்தபோது அவர் எங்கே உட்கார்ந்திருந்தார், கடைசி பெனால்டியை துரோக்பா எடுக்கப் போனபோது டிவியைப் பார்த்தாரா, கண்ணை மூடிக்கொண்டாரா என்று கேளுங்கள். செல்சி ரசிகர் எவரும் அந்த ராத்திரியை மறந்திருக்க மாட்டார். நடுவில் குறுக்கிடாமல் சொல்ல விடுங்கள். முடித்த பிறகு அவரே உங்களிடம் டான் பர்னின் கோலைப் பற்றிக் கேட்பார் என்று நினைக்கிறேன். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். நம் நேரத்துக்கு ஆட்டம் முடிய நள்ளிரவு தாண்டினாலும் தாண்டும், அக்காவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.