கிரிட்டிமட்டியின் ஜோஸ் ஹில்: உயரம் பார்க்க ஜிபிஎஸ் போதாது

பசிபிக் கடலில் கிரிபட்டி நாட்டைச் சேர்ந்த கிரிட்டிமட்டி (கிறிஸ்துமஸ்) தீவின் மிக உயர்ந்த இடமான ஜோஸ் ஹில்லுக்கு எப்படிப் போவது, அதன் உயரத்தை எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். அது தீவின் தென்கிழக்குப் பகுதியில் இருக்கிறது. சுமார் 13 மீட்டர் உயர மணல்மேடு, அவ்வளவுதான். ஏறுவது எளிது, போய்ச் சேர்வதுதான் பாடு. ஊர்கள் பெரும்பாலும் வடக்கே. ஓட்டுநரோடு நான்கு சக்கர இயக்க வண்டி பேசிக்கொள்ளுங்கள். ஆளுக்கு 5 லிட்டர் தண்ணீர், போக வர எரிபொருள் கையோடு வேண்டும். கடற்பறவைகள் தரையிலேயே முட்டையிடும், பார்த்துக் கால் வையுங்கள்.

ஃபோன் ஜிபிஎஸ்ஸில் உயரம் 10 மீட்டர்கூடப் பிசகும். பக்கத்து மேடுதான் உயரமோ என்ற சந்தேகம் வந்தால் ஜோஸ் ஹில் உச்சியில் நின்று ரசமட்டத்தைக் கண்ணருகே வைத்து அந்த மேட்டைப் பாருங்கள். குமிழ் நடுவில் நிற்கும்போது அந்த மேட்டின் உச்சி பார்வைக்கோட்டுக்கு மேலே தெரிந்தால், அந்த மேடுதான் அதிக உயரம்.

ஹொனலுலு வழியாக வந்தால் கடிகாரம் மாறாது, தேதி மட்டும் ஒரு நாள் முன்னே போகும். திரும்பும் டிக்கெட்டில் பலர் கோட்டை விடுவது இங்கேதான்.