காத்திருப்பது யார்?

அன்புள்ள ஐயா,

ஆங்கிலக் கவிஞர் தாமஸ் கிரேயின் 'எலிஜி' என்ற இரங்கற்பாவை மகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். குலப்பெருமை, அதிகாரப் பகட்டு, அழகும் செல்வமும் தந்த எல்லாம் என்று அடுக்கிவிட்டு, 35-ஆம் வரியில் 'அவெய்ட்ஸ் அலைக் தி இனெவிட்டபிள் அவர்' என்கிறார். இத்தனை எழுவாய்கள் இருக்க, 'அவெய்ட்' என்றுதானே வரவேண்டும்? என் பழைய புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. மகளுடையதில் 'எஸ்' சேர்ந்திருக்கிறது. எது பிழை?

கே.

அன்புள்ள கே.,

மகளின் புத்தகம்தான் சரி. 1751-இல் வெளிவந்த அந்தக் கவிதையில் கிரே எழுதியது 'எஸ்' உள்ள வடிவம்தான். நீங்கள் எழுவாயை முன்னால் தேடுகிறீர்கள். அது வரியின் கடைசியில் இருக்கிறது. 'அவர்' (நம் அவர் அல்ல, மணிக்கணக்கு அவர்), அதாவது அந்த வேளை. ஒருமை. அடுக்கியதெல்லாம் செயப்படுபொருள்.

'குலப்பெருமையை, பகட்டை, அழகும் செல்வமும் தந்த அனைத்தையும் ஒன்றுபோல எதிர்நோக்கியிருக்கிறது, தப்பமுடியாத அந்த வேளை.' இப்படிச் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது. 'ஐ' பார்த்துக்கொள்ளும். ஆங்கிலப் பெயர்ச்சொற்கள் அந்த உருபை என்றோ உதிர்த்துவிட்டன. சொல்வரிசைதான் அங்கே வேற்றுமை உருபு. லத்தீனிலும் கவிதை எழுதியவர் கிரே. துணிந்து வரிசையைக் கலைக்கிறார். மிஞ்சும் ஒரே தடயம் அந்த 'எஸ்'. அதையும் பிழையென்று நினைத்துத் திருத்திவிட்டார்கள் சில பதிப்பாளர்கள். எடுத்துவிட்டால் பகட்டு உட்கார்ந்து சாவுக்குக் காத்திருக்கிறது என்றாகும். பகட்டுக்கு அந்த நினைப்பு ஏது?

ஆறாம் வரி இன்னும் வேடிக்கை. அந்தி மங்குகிறது, 'ஆல் தி ஏர் எ சாலம் ஸ்டில்னெஸ் ஹோல்ட்ஸ்'. காற்று அமைதியைப் பிடித்திருக்கிறதா, அமைதி காற்றையா? இரண்டுமே ஒருமை, 'எஸ்' கைகொடுக்காது. 'புலிகொல் யானை' என்பதில் செத்தது எது? இதைத் தடுமாறு தொழிற்பெயர் என்கிறது தொல்காப்பியம். பின்னால் வரும் சொல்லைப் பார் என்பதுதான் அங்கே வழி. யானை ஓடுகிறது என்று தொடர்ந்தால், செத்தது புலி.

கிரேயிடமும் அதையே செய்து பார்க்கலாம். அடுத்த வரியில், வண்டு ரீங்கரித்துச் சுழலும் இடம் தவிர என்கிறார். பிடி எங்கே தளர்கிறது என்று சொல்வதால், பிடித்திருப்பது அமைதி என்றே எனக்குப் படுகிறது. மகள் காற்று என்று சொன்னால் மதிப்பெண்ணைக் குறைத்துவிடாதீர்கள்.