கருக்கலைப்பை எதிர்க்கும் கிறிஸ்தவர் யாருக்கு ஓட்டுப் போடுவது?

கேள்வி: நான் கத்தோலிக்கன். கருக்கலைப்பு பாவம் என்று நம்புகிறேன். அதை அனுமதிக்கும் கட்சிக்கு ஓட்டுப் போட்டால் அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டா?

தம்பி, நீங்கள் அமெரிக்கப் போதகர்களின் யூடியூப் பேச்சை நிறையக் கேட்பவர் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்வி அந்த நாட்டில் பிறந்தது. அங்கே 1973-இல் ஒரு தீர்ப்பு கருக்கலைப்பை உரிமை என்றது. 2022-இல் இன்னொரு தீர்ப்பு அதைத் தள்ளிவிட்டு, மாநிலங்களே முடிவு செய்யட்டும் என்றது. அதனால் அங்கே யார் ஜெயிக்கிறார்கள் என்பதைப் பொறுத்துச் சட்டமே மாறும்.

நம் ஊரில் அப்படியா? கருக்கலைப்புச் சட்டம் 1971-இல் காங்கிரஸ் ஆட்சியில் வந்தது. 2021-இல் பா.ஜ.க. ஆட்சியில் அதைத் திருத்தி, சில வகைப் பெண்களுக்கு 20 வார வரம்பை 24 வாரமாக்கினார்கள். மதுரையில் ஓட்டுக் கேட்டு வரும் எந்தக் கட்சியும் இந்தச் சட்டத்தை எடுத்துவிடுவோம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அப்படியிருக்க, இதை மட்டும் அளவுகோலாக வைத்தால் உங்களால் யாருக்குமே ஓட்டுப் போட முடியாது.

இப்படிச் சொன்னதும் என்னைக் கருக்கலைப்புக்கு ஆதரவானவள் என்று எழுத நாலு பேர் வருவார்கள். அவர்களுக்காகவே முதலில் சொல்லிவிடுகிறேன்: கருவிலேயே உயிர் இருக்கிறது, அதை அழிப்பது பாவம் என்றுதான் நானும் நம்புகிறேன். வாரம் தவறாமல் பூசைக்குப் போகிறவள். உசிலம்பட்டிப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். போன நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்னால் எங்கள் அன்பியக் கூட்டத்தில் (பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் கூட்டம்) ஒரு தம்பி ஏதோ வெளிநாட்டுத் துண்டறிக்கையைத் தமிழில் வாசித்தார். கருக்கலைப்பை எதிர்க்காத வேட்பாளருக்குப் போடுவது சாவான பாவமாம், அதாவது பாவங்களிலேயே கொடியதாம். நான் மறுத்துப் பேசினேன். உடனே எனக்கு உறவுக்காரரே ஒருவர் எழுந்து, "நீ கருத்தடைக்குக் காப்பர் டி போட்டுவிட்டவள், குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடித்தவள், உனக்கு இதில் பேச என்ன தகுதி?" என்று கேட்டார். அந்த வார்த்தை இன்னும் வலிக்கிறது. இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுதான் காரணம்.

என் தகுதி என்ன என்று சொல்கிறேன். 1996 தேர்தல் நேரம். சித்திரை வெயில். என் பகுதியில் ஒரு பெண், நம்ம கிறிஸ்தவக் குடும்பம்தான், ஏற்கெனவே இரண்டும் பெண் பிள்ளைகள். ஐந்தாம் மாதம் எங்கோ ஸ்கேன் பார்த்து, இதுவும் பெண்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஆணா பெண்ணா என்று சொல்லக்கூடாது என்ற சட்டம் 1994-இலேயே போட்டு, அந்த வருஷம் ஜனவரியில் நடைமுறைக்கும் வந்திருந்தது. யார் மதித்தார்கள்? மாமியார் ஒரு கிழவியைக் கூட்டி வந்து கருவைக் கலைக்க எருக்கங்குச்சி வைக்கச் சொல்லிவிட்டார். நான் போனபோது பாயெல்லாம் ரத்தம். நாடி பிடித்தால் விரலில் தட்டவே இல்லை.

108 ஆம்புலன்ஸ் 2008-இல்தான் வந்தது. அப்போது ஊரில் வண்டி என்று ஒன்றுமே கிடையாது. மைக் கட்டிப் பிரசாரத்துக்கு வந்த ஜீப்பை நடுரோட்டில் நின்று மறித்தேன். உள்ளே இருந்தவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொடிகளைப் பிடுங்கிப் போட்டார்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்த ஒருவர் தன் கட்சித் துண்டை அவளுக்கு அடியில் மடித்து வைத்தார். செக்கானூரணி தாண்டுவதற்குள் அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. பெரியாஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்றினார்கள். அந்த ஜீப் எந்தக் கட்சியுடையது என்று எழுத மாட்டேன், அதைப் பிடித்துக்கொண்டு இங்கே சண்டை வரும்.

உசிலம்பட்டிக்காரர்கள் கோபப்பட வேண்டாம். 1980-களில் பத்திரிகைகள் எழுதி எழுதி அந்த ஊர்ப் பெயரைப் பெண் சிசுக்கொலையோடு ஒட்டவைத்துவிட்டன. அங்கேயே வேலை பார்த்தவள் நான். மூன்றாவது பெண்ணையும் நான்காவது பெண்ணையும் பொத்திப் பொத்தி வளர்த்த வீடுகளையும் எனக்குத் தெரியும். வேண்டாத குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிடச் சொல்லி 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் மதுரைக்கும் வந்தது. பெற்ற பிள்ளையைக் கொடுப்பதா என்று அதைத் திட்டுகிறவர்கள் உண்டு. அந்தத் தொட்டிலால் பிழைத்த குழந்தைகளை நினைத்தால் எனக்குத் திட்ட மனம் வராது.

சரி, பாவத்தில் பங்கு உண்டா என்றுதானே கேட்டீர்கள். பின்னாளில் 16-ஆம் பெனடிக்ட் திருத்தந்தையான கர்தினால் ராட்சிங்கர் 2004-இல் அமெரிக்க ஆயர்களுக்கு எழுதிய குறிப்பைப் பாருங்கள். வேட்பாளர் கருக்கலைப்பை ஆதரிக்கிறார் என்பதற்காகவே அவருக்கு ஓட்டுப் போடுகிறவர் அந்தத் தீமைக்குத் துணைபோகிறார். அந்த நிலைப்பாட்டை ஏற்காமல், தகுந்த வேறு காரணங்களுக்காகப் போடுவதை அப்படிச் சொல்ல முடியாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2024 செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து திரும்பும்போது விமானத்திலேயே அமெரிக்கத் தேர்தலை வைத்து இதைக் கேட்டார்கள். புலம்பெயர்ந்தவர்களை விரட்டுவதும் கருவைக் கொல்வதும் இரண்டுமே உயிருக்கு எதிரானவை, இதில் குறைந்த தீமை எது என்று அவரவர் மனசாட்சிப்படி முடிவு செய்யுங்கள் என்றார். அவரைவிடக் கறாராக நம் அன்பியத்தில் பேச வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும். நாங்கள் தலித் கிறிஸ்தவர்கள். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் எங்களுக்கு இன்றும் தனிப் பக்கம்தான். 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவரானவர்களுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் கொடுத்துவிட்டார்கள். என் அண்ணன் மகன் பி.சி. சான்றிதழோடு நிற்கிறான். தனித் தொகுதியில் வேட்பாளராகக்கூட நிற்க முடியாது. 2023-இல் சட்டமன்றத்தில் இதற்காகத் தீர்மானம் போட்டார்கள், டெல்லியில் இன்னும் அசையவில்லை. இதைக் கேட்டுவிட்டு ஓட்டுப் போடுங்கள் என்று அந்தத் தம்பி ஏன் ஒரு துண்டறிக்கை கொண்டுவரவில்லை? கருவில் இருக்கும் பிள்ளைக்காக அழுகிறவர்கள், அதே பிள்ளை பிறந்து வளர்ந்து செத்தால் எந்த மூலையில் புதைப்பது என்று அளக்கிறார்களே!

ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நான் கேட்பது இவைதான். துணை சுகாதார நிலையத்தில் ராத்திரி ஆள் இருப்பார்களா? முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியின் தவணைகள் அந்தந்த நேரத்தில் கைக்கு வந்து சேருமா, பிள்ளை நடக்க ஆரம்பித்த பிறகு வருமா? மெடிக்கல் கடையில் சீட்டில்லாமல் கலைப்பு மாத்திரை விற்பதை யார் தடுப்பது? கணவன் கைவிட்ட கர்ப்பிணி எங்கே போய்த் தங்குவாள்? பெரும்பாலும் நோட்டீஸைக் கையில் திணித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நின்று பதில் சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் சொல்லும் பதிலை வைத்துத்தான் என் ஓட்டு. நீங்களும் கேட்டுப் பாருங்கள் தம்பி.