எதனால் என்று ஒரு வரி

அன்புள்ள ஐயா,

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். திருநகரிலிருந்து பெரியார் பஸ் நிலையத்துக்குப் பஸ், அங்கிருந்து நடை, இரவு அதே வழியில் வீடு. நாள் முழுக்கப் பட்ட எரிச்சல்தான் மனதில் நிற்கிறது. தினமும் மூன்று நல்ல விஷயங்களை எழுதி வை, மனம் மாறும் என்றாள் தோழி. எழுதினேன்: அம்மா, வேலை, உடம்பு. மறுநாளும் அதேதான். சலித்துவிட்டது. தெருவில் சாக்கடை அடைத்துக் கிடக்கும்போது நல்லதைப் பார் என்று சொல்வது, கேள்வி கேட்காதே என்று சொல்வதுதானே?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் எழுதியவை தலைப்புகள். தலைப்பை மட்டும் தினமும் எழுதினால் யாருக்கும் சலிக்கும். நேற்று இரவு அம்மா என்ன செய்தார்? நீங்கள் வரும் நேரம் பார்த்துக் கடைசி தோசையைச் சூடாக ஊற்றினாரா? எழுத வேண்டியது அதைத்தான்.

தோழி சொன்ன பயிற்சியில் பாதி விட்டுப்போயிருக்கிறது. உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் இரவுதோறும் மூன்று நல்லவற்றை எழுதச் சொன்னார்கள். கூடவே, ஒவ்வொன்றும் எதனால் நடந்தது என்றும் எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் பலன் இருந்தது; வாரம் முடிந்தபின் தாமாகவே தொடர்ந்தவர்களிடம் அது நன்றாகத் தெரிந்தது. அந்த 'எதனால்'தான் உயிர் என்பது என் எண்ணம்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு முழம் மல்லி வாங்குவீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "பூ வாங்கினேன்" என்று எழுதினால் அங்கேயே முடிந்தது. எதனால் என்று கேட்டுப் பாருங்கள். பூ விரிந்துவிட்டால் விலை போகாது, அதனால் மொட்டாகவே பறிக்க வேண்டும். அதற்காக விடியுமுன் தோட்டத்தில் இறங்கியவர் ஒருவர். அதை மூட்டை கட்டி மாட்டுத்தாவணி பூச்சந்தைக்குக் கொண்டுவந்தவர் இன்னொருவர். ஏலச் சத்தத்துக்கு நடுவில் எடுத்துவந்து, உட்கார்ந்து, நாரில் கட்டியவர் அந்தப் பூக்காரம்மா. தன் கையால் அளந்து, கிள்ளும்போது நாலு கண்ணி கூட விட்டுக் கொடுக்கிறாரே, அது எந்தக் கணக்கிலும் வராது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் நம் எல்லாருக்கும் பெருமை. ஆனால் பறித்தவர் எத்தனை மணிக்கு எழுந்தார் என்று நாம் நினைப்பதே இல்லை. கணக்கு எழுதுகிறவர் நீங்கள். வரவு எங்கிருந்து வந்தது என்று தேடுவது உங்களுக்குக் கைவந்த வேலை.

எரிச்சல்தான் நிற்கிறது என்பதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். கெட்டது நல்லதைவிட ஆழமாகப் பதியும் என்பது உளவியலில் பலவிதமாகப் பார்க்கப்பட்ட விஷயம். வராத பஸ் நினைவில் நிற்கும், வந்த பஸ் நிற்காது. தினமும் எழுத வேண்டும் என்றும் இல்லை. எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற உளவியலாளர்கள் இருவர் 2003இல் வெளியிட்ட ஆய்வின் ஒரு பகுதியில், வாரத்துக்கு ஒருமுறை எழுதியவர்களுக்கே வாழ்க்கை மேல் நிறைவு கூடியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை இரவு போதும்.

இனி சாக்கடை. அதைப் பற்றி எழுதுங்கள், புகார் கொடுங்கள், வார்டு கவுன்சிலரைப் போய்ப் பாருங்கள். நல்லதைப் பார்க்கப் பழகுவதற்கும் வாயை மூடிக்கொள்வதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மாரியம்மன் தெப்பக்குளத்தை நினைத்துப் பாருங்கள். வறண்டு கிடந்த காலத்தில் பையன்கள் அதற்குள் கிரிக்கெட் ஆடினார்கள். வைகைத் தண்ணீர் பனையூர் கால்வாய் வழியாக வந்து நிறைந்தபின், மாலையில் குடும்பம் குடும்பமாக அந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் காற்று எதனால் என்று கேட்டால் கால்வாயில் போய் நிற்பீர்கள். அது அடைபட்டால் குளம் என்னாகும் என்பது அப்போது உங்களுக்குத் தெரியும். ரசிக்கத் தெரிந்தவர்தான் அதற்காகச் சண்டையும் போடுவார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒன்று மட்டும் கவலையோடு கேட்கிறேன். இந்த எரிச்சலோடு தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருக்கிறதா? அப்படியானால் நோட்டை ஓரமாக வைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். நம் அரசு ராஜாஜி மருத்துவமனையில் அதற்கான பிரிவு இருக்கிறது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அன்புடன்